வெறுங் கிண்ணத்தின் எடை

முப்பது டிகிரி. தங்கதுரை அண்ணாச்சி பொத்தான அமுக்கிட்டு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. அமுக்குறதுக்கு முன்னால மிசின் கேக்குற கேள்விய எல்லாம் வழக்கம்போல வாசிச்சாரு. "சேம்பிள் பேரு என்னம்மா போட?" வெறும் கிண்ணம்னு போடுங்கன்னேன். "சேம்பிள் எடை?" பூச்சியம்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துட்டு. இருபத்தி ரெண்டு வருஷமா இந்த மிசின ஓட்டுதேன், பூச்சியத்த எடை போட வந்த மொத ஆளு நீதாம்மான்னாரு. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய. இனி அம்பத்தேழு நிமிஷம். நிமிஷத்துக்குப் பத்து டிகிரி, அறுநூறு வரைக்கும். நாம கும்பிட்டாலும் கெஞ்சினாலும் அதே பத்துதான், கூடாது குறையாது. மிசினுன்னா ஒண்ணும் இல்ல, ஒரு தராசு, அதோட தட்டு அடுப்புக்குள்ள தொங்குது. தட்டுன்னா சட்டைப் பொத்தான் அளவுல ஒரு வெள்ளைக் கிண்ணம். அதுல பொடியப் போட்டு, காத்த ஓடவிட்டு, சூடாக்கிக்கிட்டே எடை போடணும். ஈரம் போனா எடை குறையும். எரிஞ்சா குறையும். காத்துல இருந்து எதையாவது புடிச்சுக்கிட்டா கூடும். என் பொடி கூடுச்சு. அம்புட்டுதான் என் அஞ்சு வருஷம். சண்முகவடிவுன்னு ஒருத்தி ஒரு கருப்புப் பொடி செஞ்சா, அத லேசா சூடாக்குனா நூத்திப் பத்து டிகிரியிலேயே காத்துல இருந்து ஆக்சிஜன உறிஞ்சுது, அறுவத்திரெண்டு மைக்ரோகிராம் எடை கூடுது. ஒரு கிராமப் பத்து லட்சம் பங்கு போட்டு அதுல அறுவத்திரெண்டு பங்கு. இதுக்கு ஒரு தீசிஸ், ரெண்டு கட்டுரை, ஒரு பொன்னாடை. வியாழக்கிழமை வைவா. இன்னைக்குச் செவ்வாய்.

நாப்பத்தஞ்சு. பச்சைக் கோடு தரையிலதான் கெடக்கு. கெடக்கட்டும், இப்படியே கெடந்துட்டா போதும், அறுநூறு வரைக்கும் இப்படியே கெடந்தா வியாழக்கிழமை பட்டுச் சேலையக் கட்டிட்டுப் போயி நிப்பேன். அந்த வெளித் தேர்வாளரு யாருன்னே தெரியாது, எந்த ஊருன்னும் தெரியாது. நாலு பக்கம் பாராட்டி எழுதிட்டு கடைசியில ஒரு வரி. வெறும் கிண்ணத்தை இதே வெப்பநிலைகளில் ஓட்டிப் பார்த்ததுண்டா, அந்த வரைபடத்தை வைவாவின்போது காட்டவும். ஒரு வரி. என் கைடு நயினார் சார் படிச்சுட்டு, பெரியவங்க இப்படித்தான் ஏதாவது கேப்பாங்க, போயி ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாயேன்னாரு. சாருக்குப் பிப்ரவரியோட ரிட்டயர்மெண்ட். அவரோட கடைசி ஸ்டூடண்ட் நானும் ஜெபக்கனியும். மத்தபடி அவரு பயந்த மாதிரி தெரியல. நான்தான் பயந்தேன். ஏன்னா வெறும் கிண்ணத்துக்கும் எடை கூடும். படிச்சிருக்கேன். ரெண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு நானே பாடம் எடுத்திருக்கேன். கெணத்துல தண்ணிக்குள்ள இருக்குற வரைக்கும் வாளி லேசா இருக்கும், தண்ணிய விட்டு மேல வந்தா கனக்கும்லா, காத்தும் அப்படித்தான் தாங்குது, காத்து சூடாச்சுன்னா மெலிஞ்சிரும், தாங்குறது குறையும், கிண்ணம் கனத்த மாதிரி தராசு பொய் சொல்லும், அதனால பிள்ளைகளா வெறும் கிண்ணத்த ஓட்டி அத மொதல்ல கழிச்சிரணும். எம்புட்டு அழகா சொல்லிக் குடுத்தேன். சொல்லிக் குடுத்துட்டு வந்து இங்கன உக்காந்து நான் என்ன செஞ்சேன்? அறுவது டிகிரி. கோடு தூக்குதா? தூக்கல. கண்ணு கூசுது. தூக்குதோ?

பதினாலு. தூக்குது. பதினாலு மைக்ரோகிராம். சரி, தூக்கத்தான் செய்யும், எல்லா மிசினுலயும் கொஞ்சம் தூக்கும், அதுக்குத்தான் பொது பிளாங்க் இருக்கே. பதறாத வடிவு. இந்த லேபுல ஒரு வழக்கம். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு ஒரு ஸ்லாட்டு, ஒரே ஒரு ஓட்டத்துக்கான நேரம். பக்கத்து மாவட்டத்துல இருந்தெல்லாம் பொடியத் தூக்கிட்டு வாராங்க, ஒரு ஓட்டத்துக்கு ரெண்டு மாசம் காத்துக் கெடக்கணும். அதுல போயி வெறும் கிண்ணத்துக்கு எவன் ஸ்லாட்டு போடுவான். அதனால எப்பவோ யாரோ வெறும் கிண்ணத்த ஓட்டி ஒரு ஃபைல் வச்சிருக்காங்க, பொது பிளாங்க்னு பேரு. யாரு என்னத்தக் கொண்டு வந்தாலும் அண்ணாச்சி அத ஒரு தட்டு தட்டி விட்டுருவாரு, மிசின் தானா கழிச்சுக்கும். எனக்கும் கழிச்சிருக்கு. ஆக பயப்பட ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ஓடுறது பொது பிளாங்க் மாதிரியே வந்துட்டா சோலி முடிஞ்சுது, ரெண்டையும் ஒரே தாள்ல அடிச்சு அந்தத் தேர்வாளரு மகராசன் கையில குடுத்துரலாம். அத எடுத்துத் திறங்க அண்ணாச்சின்னேன், பக்கத்துல வச்சுப் பாப்போம். "அத எதுக்கும்மா, அது கெடக்கு பாட்டுக்கு." சும்மா திறங்கன்னேன். அவரு கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு தேடுதாரு. நூறு டிகிரி, இருவத்தேழு. நூத்திப் பத்து, முப்பது. அந்த நேரம் பாத்து ஃபைல் தொறந்துச்சு. செவப்புக் கோடு. அழகா மேல ஏறி வருது, என் பச்சைக் கோட்டு மேலயே ஏறி வருது, அப்படியே நூத்திப் பத்து டிகிரிக்கு வந்து முப்பதுல நின்னுட்டு. நின்னுட்டுன்னா, முடிஞ்சுட்டு. அதுக்கப்புறம் ஒரு புள்ளி கூடக் கெடையாது. மீதி எங்க அண்ணாச்சின்னேன். அவரு தேதியப் பாத்தாரு. "ரெண்டாயிரத்துப் பன்னெண்டும்மா. அப்பம்லாம் கரண்டு எங்க இருந்துச்சு. ஓட்டும்போது போயிருக்கும். சவம், பாதியில நின்னுட்டு." அதுக்கு மேல என்னத்தக் கழிக்கும்னு கேட்டேன். "கடைசியா என்ன நம்பர் இருக்கோ அதையே இழுத்துக்கிட்டு போகும்." அதாவது முப்பது. நூத்திப் பத்துக்கு மேல எம்புட்டு தூக்குனாலும் முப்பதுதான் கழியும். மிச்சமெல்லாம் பொடி கணக்குல சேரும். என் பொடி மூச்சிழுக்க ஆரம்பிக்கிற வெப்பநிலை நூத்திப் பத்து. தீசிஸ்ல தனி அத்தியாயம் இருக்கு, ஏன் நூத்திப் பத்துன்னு. நாப்பத்தொரு பக்கம். கரண்டு போன நேரம், அத நாப்பத்தொரு பக்கம் எழுதியிருக்கேன்.

கை சில்லுனு இருக்கு. ஏசிய அண்ணாச்சி பதினெட்டுலதான் வைப்பாரு, மிசினுக்கு வேர்க்கக் கூடாதாம். இன்னும் ஒண்ணும் முடியல, நூத்தி நாப்பதுதான ஆவுது, இதுக்கு மேல தூக்காம நின்னுரலாம், ஏன் நிக்கக் கூடாது. அறுநூறுல அறுவது வந்துச்சுன்னா? அதுல முப்பது முன்னமே கழிஞ்சது, மிச்ச முப்பதுதான் பொய், என் அறுவத்திரெண்டுல பாதிக்கு மேல நிக்கும். பாதி பரவால்ல. பாதிய வச்சு ஒரு திருத்தம் எழுதி, மன்னிச்சுக்கோங்க ஐயா, எடை கூடுறது கூடுதுதான், கொஞ்சம் கம்மியா கூடுதுன்னு. எம்பது வந்தாலும் பரவால்ல, பன்னெண்டு நிக்கும். தொண்ணூத்திரெண்டு வரக்கூடாது. தொண்ணூத்திரெண்டு வந்தா முப்பது போக அறுவத்திரெண்டு. அத நினைக்காத. நூத்தி எழுவது, நாப்பத்தஞ்சு. அப்பாவுக்கு ஆலங்குளத்துல லாரி எடை மேடையில வேலை. நான் பத்தாங்கிளாஸ் முடியுற வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டா அங்கனதான், சன்னல் ஓரத்துல உக்காந்து கணக்குப் போடுவேன். ஜல்லி ஏத்துன லாரி வரும், காலி வண்டியா வந்து எடை போட்டுட்டுப் போயிருந்தாத்தான் அப்பா சீட்டு எழுதுவாரு. இல்லேன்னா முடியாது. டிரைவருமாரு மல்லுக்கு நிப்பாங்க. போன வாரம் போட்ட காலி எடை இருக்குல்லா அண்ணாச்சி, அதே வண்டிதான, அத எழுதுங்களேன்பாங்க. அப்பா தலைய நிமித்த மாட்டாரு. "வண்டி அதேதான் வே. டீசலும் அதே டீசலா?" ஒரு நாளைக்கு எம்பது தடவ அதக் கேட்டு வளந்தவ நான். எம்.எஸ்சி. தங்கப் பதக்கம் வேற. போன வாரத்துக் காலி எடை கூட இல்ல, பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால கரண்டு போன காலி எடையக் கழிச்சிருக்கேன். லாரிய எடை போட்டுப் பொழைச்ச மனுசன் மககிட்ட, டீசல் அதே டீசலாட்டின்னு கேக்க ஒரு நாதி இல்ல. அவரு இருந்திருந்தாலும் எங்கிட்ட கேட்டிருக்க மாட்டாரு. என் மக படிக்கிறதெல்லாம் எனக்கு எங்க வெளங்கன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிவாரு.

இருநூறு. அம்பத்தொண்ணு. ஏறுறது கொஞ்சம் கொஞ்சமா மட்டுப்படுது. என் பொடியும் இப்படித்தான் மட்டுப்பட்டுச்சு. அதுக்கும் ஒரு காரணம் எழுதி வச்சேன், பொடி நெறஞ்சுட்டு, இனி உறிஞ்ச எடம் இல்லன்னு. காரணம் எழுதுறதுல என்னைய அடிச்சுக்க ஆளு கெடையாது. பன்னெண்டு மில்லிகிராம் பொடி போட்டப்பவும் அறுவத்திரெண்டு, எட்டு மில்லிகிராம் போட்டப்பவும் அறுவத்திரெண்டு. பொடி கம்மியானா கூடுற எடையும் கம்மியாகணும்லா? எட்டாங்கிளாஸ் பிள்ளை கேக்கும். எனக்கும் உறுத்துச்சு. ரெண்டு நாள் உறங்கல. மூணாவது நாள் கண்டுபுடிச்சுட்டேன், பொடிக்கு மேல்பக்கம் மட்டும்தான் உறிஞ்சுது, அடியில கெடக்குறது சும்மா கெடக்கு, கிண்ணத்தோட வாய் ஒரே அளவுதான, அதனாலதான் ஒரே எடை. நயினார் சார் மேசையத் தட்டி, அபாரம்மான்னாரு. அபாரம்தான். கிண்ணம்தான் காரணம்னு என் வாயாலயே சொல்லியிருக்கேன் பாரு. அப்புறம் ஜெபக்கனி வந்து சேந்தா, பாவம், களக்காட்டுல இருந்து. என் பொடியில கொஞ்சம் இரும்பு கலந்து அவளுக்கு ஒரு தலைப்பு. அவ ஓட்டுனா. அறுவத்திமூணு. ரெண்டு பேரும் கேண்டீன்ல போயி பஜ்ஜி தின்னோம். அக்கா, அச்சு மாதிரி வருதுக்கான்னா. அச்சு மாதிரி வந்தா சந்தேகப்படணும்னு எனக்குத் தோணல. அது சத்தியம்னுதான் தோணுச்சு. எது போட்டாலும் ஒரே எண் வருதுன்னா போட்டதுக்கு அங்க சம்பந்தமே இல்லன்னு அர்த்தம். அவளுக்கு நாளைக்கு ஸ்லாட்டு. சாயங்காலம் போன்ல கேப்பா, என்னக்கா ஆச்சுன்னு. என்ன சொல்ல. இருநூத்தி அறுவது, அறுவத்தொண்ணு.

முந்நூறு, அறுவத்தேழு. முந்நூறு வந்தாலே எனக்கு அந்தப் போன் சத்தம் காதுல கேட்டுரும். மொத ஓட்டத்துலயும் முந்நூறுலதான் தம்பி கூப்பிட்டான். குமரகுரு சத்தம் போட்டுப் பேச மாட்டான். அக்கா, அப்பா உன்னத்தான் கேக்காவ, வாரியா, அப்படின்னான். அப்பா பெரியாஸ்பத்திரியில சேந்து நாலு நாள் ஆயிருந்துச்சு. நெஞ்சு வலி, இப்பம் பரவால்லன்னு காலையில டாக்டர் சொன்னதாலதான் நான் ஸ்லாட்டுக்கு வந்தேன். ரெண்டு மாசம் காத்துக் கெடந்த ஸ்லாட்டு. இதே நாற்காலிதான். கால வச்சா ஆடும், இப்பவும் ஆடுது. திரையில கோடு நூத்திப் பத்து வரைக்கும் தரையில கெடந்து, அப்புறம் தூக்க ஆரம்பிச்சிருந்துச்சு. எடை கூடுது. யாருமே பாக்காத ஒண்ணு என் கண்ணு முன்னால கூடுதுன்னு நினைச்சேன். உடம்பெல்லாம் சிலுத்துக்கிட்டு. வாரேன்டா, அரை மணி நேரம்னேன் தம்பிகிட்ட. அவன் சரின்னுட்டு வச்சுட்டான். அண்ணாச்சி என் மூஞ்சியப் பாத்துட்டு என்னம்மான்னாரு. அப்பா கேக்காவளாம்னேன். "அப்பம் நீ போம்மா. மிசின் பாட்டுக்கு ஓடும், நான் பாத்துக்கிடுதேன். என்ன கோட்ட யாரும் தூக்கிட்டா போயிருவா?" நான் போகல. அங்க இருந்து ஒண்ணும் செய்ய முடியாது, எடைய என் கண்ணால கூட்ட முடியாது, இருந்தும் போகல. ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போயிருவோம்னு உக்காந்திருந்தேன். அறுநூறு ஆகி, ஓட்டம் முடிந்ததுன்னு எழுத்து வந்து, அதையும் வாசிச்சுட்டுத்தான் எந்திரிச்சேன். பஸ்சு சீக்கிரமாவே வந்துச்சு. ஜங்ஷன் பாலத்துல கூட்டம் இல்ல. ஆஸ்பத்திரி படியில ஏறும்போது அப்பாகிட்ட என்ன சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே ஏறுனேன். எடை கூடிட்டுப்பான்னு சொல்லணும், அவருக்கு எடைன்னா புரியும். பத்து நிமிஷத்துக்கு முன்னாலதான்கான்னு தம்பி சொன்னான். திட்டல. இன்னைக்கு வரைக்கும் திட்டல. அம்மா மட்டும் ஒரு தடவ, பதினாறு முடிஞ்ச அன்னைக்கு, பொம்பளப் பிள்ளைக்கு அப்படி என்னட்டி சோலின்னு கேட்டா. மனசுக்குள்ள ஒண்ணு வச்சிருந்தேன். பெரிய காரியத்துக்காகத்தான் நின்னோம், சும்மா நிக்கல, உலகத்துல இல்லாத ஒண்ணு அன்னைக்குக் கெடைச்சுது. அஞ்சு வருஷம் அதச் சொல்லிச் சொல்லித்தான் சோறு இறங்குச்சு.

நானூறு. எழுவத்தெட்டு. கையில இருந்த பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால கணக்குப் போட்டுட்டேன். போட வேண்டாம்னு இருந்தேன், கை போட்டுட்டு. இந்தப் போக்குல போனா அறுநூறுல தொண்ணூத்திரெண்டுதான் வரும். கணக்கு தப்பா இருக்கலாம்னு ரெண்டாவது தடவையும் போட்டேன். காத்துக்கும் சூட்டுக்கும் உள்ள கணக்கு அது, பள்ளிக்கூடத்துலயே படிச்சது, தப்பாகாது. அப்பம் இனி இருந்து எதுக்குப் பாக்கணும், நிறுத்திரலாமான்னு தோணுது. நிறுத்துனா என்ன மாறும். ஐந்நூறு, எம்பத்தாறு. அண்ணாச்சி டீ வேணுமான்னு கேட்டாரு, வேண்டாம்னேன். "அன்னைக்கும் நீ இப்படித்தாம்மா கண்ணு இமைக்காம இருந்த. பிள்ளை என்ன கவனமா படிக்கான்னு எங்க வீட்டுல வந்து சொன்னேன்." அவரு நல்ல மனசோடதான் சொல்லுதாரு. அன்னைக்குப் பொடியே போடாம வெறுங் கிண்ணத்த வச்சிருந்தாலும் இதே கோடுதான் வந்திருக்கும். நூத்திப் பத்துல தூக்கியிருக்கும், எனக்குச் சிலுத்திருக்கும், தம்பி கூப்பிட்டிருப்பான், நான் அரை மணி நேரம்னு சொல்லியிருப்பேன். அப்பா அங்க கேட்டுக்கிட்டே கெடக்க, நான் இங்கன உக்காந்து காத்து மெலியுறதப் பாத்துக்கிட்டிருந்திருக்கேன்.

அறுநூறு. தொண்ணூத்திரெண்டு. அரை மைக்ரோகிராம் கூட ஏமாத்தல. ஓட்டம் முடிந்ததுன்னு எழுத்து வந்துச்சு. போன் அடிக்குது, நயினார் சார். "என்னம்மா, நேர் கோடா வந்துட்டா?" ஏறிட்டு சார்னேன். "எம்புட்டு?" நூத்திப் பத்துக்கு மேல அறுவத்திரெண்டு சார். அந்த எண் அவருக்கும் மனப்பாடம். "ஃபைல சேவ் பண்ணிட்டியா?"ன்னாரு. இல்ல சார்னேன். "பண்ணாத. நேர்ல வா, பேசிக்கிடுவோம்." அவரு மேல எனக்குக் கோவம் இல்ல, பாவம், பிப்ரவரி வரைக்கும் தள்ளிட்டா போதும்னு இருக்குற மனுசன். போன வச்சேன். அண்ணாச்சி மவுச நகட்டி வச்சுக்கிட்டு, சேவ் பண்ணவா அழிக்கவாம்மான்னு கேக்காரு. பொது பிளாங்க்குக்கு மேலயே சேவ் பண்ணுங்கன்னேன். "பழசு போயிருமேம்மா. இனி எல்லாருக்கும் இதுல்லா கழியும்." கழியட்டும் அண்ணாச்சி. "நாளைக்கு ஜெபக்கனிக்கு." தெரியும். அவ அறுவத்திமூணு நாளைக்கு வெறும் ஒண்ணாயிரும். அவரு என்னைய ஒரு தடவ பாத்துட்டுத் தட்டிட்டாரு. நான் ஒண்ணும் நேர்மையானவ இல்ல. இதுக்கு மேல இன்னொரு பொய்யச் சுமக்க உடம்புல தெம்பு இல்ல, அதான். வியாழக்கிழமை இந்தக் கோட்டத் தாள்ல அடிச்சு நானே கொண்டு போயிக் குடுப்பேன், அவங்க என்ன செய்யணுமோ செய்யட்டும், அதெல்லாம் கூட பெருசாத் தெரியல இப்பம். தம்பிகிட்ட சொல்லணும். சொல்லுவேனான்னு தெரியல. அடுப்பு ஆறுறதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதுக்கப்புறம்தான் கிண்ணத்த எடுக்க முடியும். நாற்காலிய விட்டு எந்திரிக்கத் தோணல. அண்ணாச்சி விளக்கு ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டே வந்து பக்கத்துல நின்னாரு. "நீ போம்மா, நான் பாத்துக்கிடுதேன்." எங்க போகன்னு கேட்டேன். அவருக்கு அது வெளங்கல. அன்னைக்கும் இதே வார்த்தையத்தான் சொன்னாரு, அன்னைக்குப் போறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு.